காம்பராக் கணக்கும் படுக்கையறைக் கணக்கும்

இலங்கை மலையகத்தில் வீட்டின் அளவைச் சொல்ல இரண்டு கணக்குகள் புழங்குகின்றன. தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயங்களில் "காம்பரா" என்பார்கள்; ஹட்டன், நுவரெலியா போன்ற நகரங்களின் வாடகை விளம்பரங்களோ படுக்கையறைகளை எண்ணுகின்றன.

காம்பரா என்பது ஓர் அறையையும் ஒரு குடும்பத்தின் முழு வீட்டையும் ஒருசேரக் குறிக்கும் சொல். ஏறத்தாழ 10 அடிக்கு 12 அடி கொண்ட அந்த அறையின் குறுக்கே பழைய சேலையைக் கட்டி, ஒரு பக்கம் புதுமணத் தம்பதியும் மறுபக்கம் பெற்றோரும் பிள்ளைகளும் படுத்துறங்குவதுண்டு. முன்புறத் திண்ணையான இஸ்தோப்பைத் தகரத்தால் அடைத்துக் குசினியாக்கினாலும் (சமையலறையாக்கினாலும்), கணக்கில் அது ஒரே காம்பராதான். லய வாழ்வின் நெருக்கடியை மறைக்காத சொல் அது என்றாலும், வாடகை பேச உதவாது.

படுக்கையறைக் கணக்கு இதைவிடத் தெளிவானது. இந்திய உதவியுடன் தோட்டங்களில் 7 பேர்ச் (ஏறத்தாழ 1,900 சதுர அடி) காணியில் கட்டப்பட்ட 550 சதுர அடி வீட்டில் கூடம், குசினி, கழிப்பறை ஆகியவை இருந்தாலும், இரண்டு படுக்கையறை வீடு என்றால் எவருக்கும் விளங்கிவிடும். வெறுமனே "அறை" என்று எழுதும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது, ஏனெனில் அதே வீட்டைக் கூடத்தையும் சேர்த்து மூன்றறை வீடு என்று ஒருவர் கூசாமல் சொல்லலாம். "மூன்று அறை" என்ற விளம்பரத்தை நம்பி நான் பார்க்கப் போன வீட்டில், மூன்றாவது அறை கண்ணாடி போட்டு அடைத்த விறாந்தையாக இருந்தது. அதிலிருந்த கட்டிலின் மெத்தை பனியில் நமுத்துப்போயிருந்தது.