நியாசினமைடு, கிளிசரின், அம்மாவின் மங்கு டியூப்: மூன்று வருட அனுபவம்

வீடு தண்டையார்பேட்டை, வேலை எண்ணூரில். காலையில் ஸ்கூட்டியை எடுத்தால் துறைமுகத்துக்கு வரிசை கட்டி நிற்கும் கன்டெய்னர் லாரிகளை ஒட்டியேதான் போயாக வேண்டும். ஆபீஸ் போய் ஈரத்துணியால் கழுத்தைத் துடைத்தால் துணி சாம்பல் நிறத்துக்கு வந்துவிடும். இதோடு கடலோர ஊரின் பிசுபிசுப்பு, ஹெல்மெட்டுக்குள் ஊறும் வியர்வை, அப்புறம் எட்டு மணி நேரம் ஏசி. இந்த முகத்துக்கு 2022 ஜூனிலிருந்து மூன்று வருடம் என்னென்ன தடவினேன், எது நிலைத்தது என்று எழுதுகிறேன். என்னுடையது எண்ணெய் வழியும் சருமம், கன்னத்தில் பரு விட்டுப்போன கரும்புள்ளிகள். வறண்ட சருமக்காரர்களுக்கு இது அப்படியே பொருந்தாது.

முதல் வருடம் டப்பாவின் முன்பக்கத்தை நம்பித்தான் வாங்கினேன். குங்குமப்பூ படம் போட்ட ஒரு க்ரீம், 450 ரூபாய். ஒரு நாள் ராத்திரி டியூப்லைட் கீழே நின்று, மொபைல் கேமராவில் பெரிதாக்கிப் பின்பக்கப் பட்டியலைப் படித்தேன். தண்ணீரில் தொடங்கிப் போய்க்கொண்டே இருந்தது. பினாக்சிஎத்தனால் வந்தது, பெர்ஃப்யூம் வந்தது, அதற்கும் பின்னால்தான் குங்குமப்பூ.

பட்டியலில் எது அதிகமோ அது முதலில் வரும். ஒரு சதவீதத்துக்கும் குறைவாக இருப்பவற்றை மட்டும் எந்த வரிசையிலும் எழுதிக்கொள்ளலாம். பினாக்சிஎத்தனால் என்பது க்ரீம் கெடாமல் இருக்கச் சேர்ப்பது, வழக்கமாக ஒரு சதவீதத்தைத் தாண்டாது. அதனால் அதற்குப் பின்னால் வருவதெல்லாம் பெரும்பாலும் சிட்டிகை அளவுதான் என்று எடுத்துக்கொள்ளலாம். சிட்டிகை அளவிலேயே வேலை செய்யும் பொருள்களும் உண்டு, வைட்டமின் ஏ வகையைச் சேர்ந்த ரெட்டினால் அப்படிப்பட்டது. படத்தில் பூவாகப் பூத்திருந்த குங்குமப்பூ அந்தச் சாதி இல்லை.

அதிலிருந்து வாங்கும் முறையே மாறிப்போனது. 10 சதவீத நியாசினமைடு சீரம் ஒன்றையும், 5 சதவீதம் உள்ள ஒரு லோஷனையும் அடுத்தடுத்து தலா மூன்று மாதம் போட்டுப் பார்த்தேன். சீரம் 600 ரூபாய், லோஷன் அதில் பாதி. நியாசினமைடு என்பது வைட்டமின் பி3. தோலில் நிறமி உருவாவதை அது நிறுத்துவதில்லை. உருவான நிறமி மேல்தோல் செல்களுக்குக் கைமாறிப் போவதைக் குறைக்கிறது. ஏற்கெனவே கறுத்த செல்கள் உதிர்ந்து புதியவை வர வேண்டும் என்பதால் இரண்டு மூன்று மாதம் பொறுத்தே ஆக வேண்டும். ஆய்வுகளில் பலன் தெரிந்ததும் பெரும்பாலும் 2 முதல் 5 சதவீதத்தில்தான். எனக்கு 10 சதவீதம் போட்ட நாட்களில் வெயிலில் இறங்கியதும் கன்னம் அரித்தது. 5 சதவீத லோஷனில் அரிப்பே இல்லை, பத்தாவது வாரத்தில் புள்ளிகள் தேநீர்க் கறை மாதிரி வெளுத்திருந்தன. இன்றுவரை அதே லோஷன்தான். அதில் தண்ணீருக்கு அடுத்து இருப்பது கிளிசரின். மருந்துக் கடையில் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும் பொருள்தான், ஏசி அறையில் இழுத்துப்பிடிக்கும் முகத்துக்கு அது தந்த சுகத்தை ஈரத்தைப் பிடித்துவைக்க என்று விற்கும் எந்த விலை உயர்ந்த ஹயலூரானிக் சீரமும் எனக்குத் தரவில்லை.

வைட்டமின் சி சீரத்தைச் சீக்கிரமே கைவிட்டேன். ஏப்ரலில் திறந்த பாட்டில் மே கடைசியில் டிகாக்‌ஷன் நிறத்துக்கு வந்துவிட்டது. அதில் இருக்கும் எல்-அஸ்கார்பிக் ஆசிடுக்கு, அதாவது வைட்டமின் சி-க்கு, சூடும் வெளிச்சமும் காற்றும் ஆகாது, நம் ஊர் வீட்டு அலமாரியில் தாக்குப்பிடிப்பது கஷ்டம். சாலிசிலிக் ஆசிட் 2 சதவீதம் நல்ல பொருள். எண்ணெயில் கரையும் என்பதால் துவாரத்துக்குள் இறங்கி அடைப்பை எடுக்கிறது, ஹெல்மெட் பட்டையின் கீழ் வரும் பொரிப்பொரி அதில்தான் அடங்கியது. தினமும் போட்டபோது தோல் உரிந்தது. இப்போது வாரத்தில் இரண்டு நாள் மட்டும்.

சன்ஸ்கிரீனில் நான் செய்த தப்பு அளவு. முகத்துக்கும் கழுத்துக்கும் இரண்டு விரல் நீளத்துக்குப் பிதுக்க வேண்டும், நான் பட்டாணி அளவு எடுத்துக்கொண்டிருந்தேன். சரியாகப் போட்டால் 50 கிராம் டியூப் ஒன்றரை மாதம்கூட வராது. வாங்கும்போதே அந்தக் கணக்கில் விலையைப் பார்க்க வேண்டும்.

இதையெல்லாம் விட முக்கியமாகச் சொல்ல வேண்டியது அம்மாவின் டியூப்.

அம்மாவுக்கு இரண்டு கன்னத்திலும் மங்கு. பழக்கமான மருந்துக் கடையில் கேட்டதும் சீட்டு கேட்காமலே ஒரு சின்ன டியூப் கொடுத்திருக்கிறார்கள். மூன்றாவது வாரமே மங்கு வெளுத்து முகம் பளபளத்தது. "நீ ஆயிரம் படிச்சுப் பார்த்து வாங்குற, என்னோடதைப் பாரு" என்றார் அம்மா. நானும் பார்த்தேன், முகத்தை மட்டும். டியூப்பைத் திருப்பவில்லை. அதை நினைத்தால் இன்றும் மனசு ஆறாது.

எட்டு மாதம் ஓடியது. அடுப்பருகே நின்றாலே முகம் எரிகிறது என்றார். கன்னத்தில் நூல் மாதிரி சிவப்பு நரம்புகள், தாடை ஓரம் பூனைமுடி. ஒரு நாள் போடாமல் விட்டால் முகம் முழுக்கச் சிவந்து பொரிந்தது, திரும்பப் போட்டால் அடங்கியது. அப்போதுதான் டியூப்பை எடுத்துப் படித்தேன். ஹைட்ரோகுயினோன், ட்ரெட்டினாயின், மோமெட்டாசோன். முதலாவது நிறமியைக் குறைப்பது, இரண்டாவது தோல் செல்களைச் சீக்கிரம் புதுப்பிப்பது, மூன்றாவதாக இருக்கும் மோமெட்டாசோன் ஒரு ஸ்டீராய்டு. மங்குக்குத் தோல் டாக்டர்களே கொஞ்ச வாரங்களுக்கு எழுதிக்கொடுக்கும் கலவைதான் அது, கணக்குப் பார்த்து, மேற்பார்வையில். 2018-ல் தோலில் பூசும் ஸ்டீராய்டு க்ரீம்களை ஷெட்யூல் எச் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள், சீட்டு இல்லாமல் விற்கவே கூடாது. தோலின் வீக்கத்தையும் சிவப்பையும் ஸ்டீராய்டு அமுக்கி வைப்பதால்தான் முதலில் அந்தப் பளபளப்பு. நாள்பட்டால் தோல் மெலிந்து, அது இல்லாமல் இருக்க முடியாத நிலைக்கு வந்துவிடுகிறது.

தோல் டாக்டர் மூன்றையும் விட்டுவிட்டு வாசனை இல்லாத மாய்ஸ்சரைசர் மட்டும் போதும் என்றார். முதல் ஆறு வாரம் அம்மா வாசலுக்கே வரவில்லை. முகம் தேற ஏழு மாதம் ஆனது. அப்புறம்தான் மங்கை வெளுக்க வைக்கும் அசெலாயிக் ஆசிடும், அயர்ன் ஆக்சைடு கலந்த தோல்நிறச் சன்ஸ்கிரீனும் கொடுத்தார். மங்கைக் கறுக்க வைப்பதில் கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்துக்கும் பங்கு உண்டு, அதைத் தடுக்க அயர்ன் ஆக்சைடு வேண்டும். இது சாதாரண வெள்ளை சன்ஸ்கிரீனில் இருக்காது. மங்கு முழுசாகப் போகவில்லை, பாதி வெளுத்திருக்கிறது. எரிச்சல் இல்லை என்பதே எங்களுக்குப் பெரிசு.

போன பொங்கலுக்கு எம்.சி. ரோட்டில் துணி எடுக்கப் போனோம். சித்தி பொண்ணு ஒரு கடையில் ஏழே நாளில் வெளுக்கும் என்ற வெளிநாட்டு க்ரீமை எடுத்தாள். இந்த மாதிரி க்ரீம்களில்தான் பாதரசம் வருகிறது. நம் ஊர் 2020 விதிகள்படி முகத்துக்குப் போடும் க்ரீமில் தவறிக் கலந்தால்கூட பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கு மேல் அது இருக்கக் கூடாது. 2023-ல் மலப்புரத்தில் சிறுநீரகம் பழுதாகி வந்தவர்களைத் துருவிக் கேட்டபோது, காரணம் முகத்துக்குப் போட்ட க்ரீம் என்று தெரிந்தது. நான் வாய் திறப்பதற்குள் அம்மா டப்பாவை வாங்கி நாலு பக்கமும் திருப்பினார்.

"உள்ள என்ன இருக்குன்னு எங்கப்பா எழுதியிருக்கு?"

"எல்லாம் ஹெர்பல்தாம்மா, தைரியமா எடுங்க."

அம்மா டப்பாவை அடுக்கின் மேல் திரும்ப வைத்துவிட்டு, சித்தி பொண்ணின் கையைப் பிடித்து எதிர் வரிசை ஜாக்கெட் துணிக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனார்.