சாங்கியிலிருந்து தேக்காவுக்கு எம்ஆர்டி: தொடர்ந்து பயன்படுத்தியதில் தெரிந்தவை

சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தில் இறங்கி, லிட்டில் இந்தியா வட்டாரத்திலுள்ள தேக்கா பக்கம் தங்கப் போகிறவர்களை எம்ஆர்டி (மெட்ரோ ரயில்) வரைபடம் ஓரிடத்தில் ஏமாற்றிவிடும். விமான நிலையத்துக்கு அடுத்த நிறுத்தமான எக்ஸ்போவில் நீல நிற டவுன்டவுன் தடத்துக்கு மாறினால், லிட்டில் இந்தியா வரை ஒரே வண்டி. ஒரே வண்டிதான், மறுக்கவில்லை. ஆனால் அது ஜாலான் புசார் வரை வந்துவிட்டு, சைனாடவுன், பேஃபிரண்ட், பூகிஸ் என்று நகர மையத்தையே ஒரு சுற்றுச் சுற்றிய பிறகுதான் லிட்டில் இந்தியாவுக்கு வருகிறது. ஜாலான் புசாரிலிருந்து அது 10வது நிறுத்தம்! ஜாலான் புசாரிலேயே இறங்கி சுங்கை ரோடு வழியாக நடந்தால் தேக்கா இருக்கும் சிராங்கூன் சாலைத் தொடக்கத்துக்குப் பத்து நிமிடம்தான்.

பெட்டி கனமாக இருந்தாலோ மழை பெய்தாலோ வேறு வழி உண்டு. தானா மேராவில் பச்சைத் தடத்துக்கு மாறி பூகிஸ் வரை போங்கள். அங்கே அட்டையைத் தட்டி வெளியேறக் கூடாது. உள்ளேயே டவுன்டவுன் தடத்துக்குப் பாதை இருக்கிறது. புக்கிட் பாஞ்சாங் என்று போட்ட வண்டியில் ஏறினால் முதலில் ரோச்சோர், அடுத்தது லிட்டில் இந்தியா. முஸ்தபா கடைத்தொகுதி பக்கம் தங்குகிறவர்கள் லிட்டில் இந்தியாவில் ஊதாத் தடத்துக்கு மாறி இன்னும் ஒரு நிறுத்தம் தள்ளி ஃபேரர் பார்க்கில் இறங்குவதே வசதி. ஒரே குறை, காலை வேலை நேரத்தில் தானா மேராவில் பெட்டியோடு ஏறுவது பெரும்பாடு. ரயிலில் சாமான் வைக்கத் தனி இடம் கிடையாது. அந்த நேரத்துக்கு எக்ஸ்போ வழியே மேல், உட்கார இடமும் கிடைக்கும்.

ரயில் நிலையம் 2ஆம், 3ஆம் முனையங்களுக்கு அடியில் இருக்கிறது. 1ஆம் முனையத்திலிருந்து, முனையங்களுக்கிடையே ஓடும் ஸ்கைடிரெயின் போகும். 4ஆம் முனையத்தில் இறங்கினால் இலவசப் பேருந்து பிடித்துத்தான் வர வேண்டும், அதற்கும் நேரம் ஒதுக்குங்கள்.

ஒரு வழிப் பயணச்சீட்டு இப்போது கிடையாது. விசா, மாஸ்டர்கார்டு வங்கி அட்டையையே நுழைவாயிலில் தட்டலாம். வெளிநாட்டு அட்டை என்றால் பயன்படுத்தும் நாளுக்கு 60 சிங்கப்பூர்க் காசு கூடுதல். இந்திய அட்டைகளில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையும் தட்டிச் செலுத்தும் வசதியும் வழக்கமாக அணைத்தே இருக்கும். இரண்டையும் வங்கிச் செயலியில் கிளம்புமுன் திறந்து வையுங்கள். வாயிலில் சிவப்பு விளக்கு எரிவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். ஆளுக்கு ஓர் அட்டை வேண்டும், ஒன்றை வைத்துக் குடும்பமே நுழைய முடியாது. உள்ளே போகக் கைப்பேசியில் தட்டிவிட்டு, வெளியேற அதே கணக்கின் பிளாஸ்டிக் அட்டையைத் தட்டினால், இயந்திரத்துக்கு அவை இரண்டு வெவ்வேறு அட்டைகள். முடியாத பயணம் என்று இரண்டிலுமே காசு பிடிக்கும். சில நாள் தங்குகிறவர்கள் முன்கூட்டியே பணம் போட்டுப் பயன்படுத்தும் ஈஸி-லிங்க் பயண அட்டை வாங்கலாம். அட்டை விலை 5 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) திரும்ப வராது.

ரயிலில் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது, 500 வெள்ளி வரை அபராதம். குழந்தைக்குப் பால் கொடுப்பதை நிலையத்துக்குள் நுழையுமுன் முடித்துக்கொள்ளுங்கள்.

இரவு 11 மணி தாண்டி வெளியே வந்தால் ரயிலை நம்ப வேண்டாம். விமான நிலையத்தில் ரயில் கிடைத்தாலும், நீங்கள் மாற வேண்டிய தடத்தின் கடைசி வண்டி போயிருக்கக்கூடும். டாக்சியில் விமான நிலையக் கூடுதல் கட்டணம் உண்டு. நள்ளிரவு முதல் காலை 6 மணி வரை மீட்டர் தொகையில் பாதி அதன்மேல் ஏறும்.