போஸ்ட்பெய்டை விட்டு விலக: போர்ட்டா, பிரீபெய்டா, சரண்டரா?

இந்தியாவில் மொபைல் போஸ்ட்பெய்டு இணைப்பை நிறுத்தும்போது ‘கேன்சலேஷன் சார்ஜ்’ என்று பில்லில் தனி வரி வருவது அபூர்வம். கைக்காசு போவது வேறு இடங்களில்தான்: எதிர்பாராமல் வரும் கடைசி பில், கேட்காததால் திரும்பி வராத டெபாசிட், நிறுத்த மறந்த ஆட்டோபே. விலகுவதற்கு மூன்று வழிகள் உண்டு. எதை எடுப்பது என்பது, அந்த நம்பர் இனி வேண்டுமா, வேண்டாமா என்பதைப் பொறுத்தது.

நம்பர் வேண்டும், நிறுவனம் வேண்டாம் என்றால் போர்ட். ஆங்கிலத்தில் போர்ட் என்று டைப் செய்து, ஓர் இடைவெளி விட்டு, பத்து இலக்க நம்பரையும் சேர்த்து 1900-க்கு எஸ்எம்எஸ் அனுப்ப வேண்டும். எட்டு எழுத்து-எண் கொண்ட யூபிசி வரும். புதிய நிறுவனத்திடம் போர்ட் கோரிக்கையோடு கொடுக்க வேண்டிய கோட் இதுதான். தமிழ்நாட்டில் அது 4 நாள் செல்லும். 2019 டிசம்பருக்கு முன் யூபிசி கையில் கிடைத்த பிறகும் கோரிக்கை தள்ளுபடியாவது உண்டு. இப்போது தகுதியைச் சரிபார்த்த பின்புதான் யூபிசியே வருகிறது. எனவே கோட் வந்துவிட்டாலே பெரிய தடைகளைத் தாண்டிவிட்டதாக எடுத்துக்கொள்ளலாம். வராவிட்டால் காரணம் எஸ்எம்எஸ்ஸிலேயே இருக்கும். அதைப் படித்துவிட்டு ஷோரூமுக்குப் போனால் பாதி அலைச்சல் மிச்சம்.

அடிக்கடி வரும் காரணங்கள் இவை. வெளியான பில்லில் பாக்கி இருப்பது. இணைப்பு வாங்கியோ, கடைசியாகப் போர்ட் ஆகியோ 90 நாள் முடியாதது. சிம்மை மாற்றி 7 நாள் ஆகாதது. இது சிம் ஸ்வாப் மோசடியை (உங்கள் நம்பருக்கு வேறொருவர் புது சிம் வாங்கிவிடுவதை) தடுக்க 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள விதி. பெயர் மாற்றம் பாதியில் நிற்பது. கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் வெளியேறும் நிபந்தனை ஒன்று இருந்து, அதை நிறைவேற்றாதது. இந்தக் கடைசி இனத்தில்தான் கேன்சலேஷன் தொகை ஒளிந்திருக்கும். சலுகை விலையில் போனோ, வருட பிளானோ சேர்த்து வாங்கியவர்கள் விண்ணப்பப் படிவத்தின் நகலைக் கேட்டு வாங்கிப் பார்ப்பது நல்லது. கம்பெனி பெயரில் இருக்கும் நம்பருக்கு நிறுவனத்தின் அங்கீகாரக் கடிதம் வேண்டும்.

போர்ட்டுக்குத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் நிர்ணயித்த கட்டணம் 6.46 ரூபாய். ஒரே தொலைத்தொடர்பு வட்டத்துக்குள் (பெரும்பாலும் ஒரு மாநில அளவு) போர்ட் ஆக 3 வேலை நாள். வேறு வட்டம், கார்ப்பரேட் நம்பர் என்றால் 5 வேலை நாள். சென்னையும் தமிழ்நாடும் ஒரே வட்டம்தான். கோரிக்கை கொடுத்த 24 மணி நேரத்துக்குள் மனம் மாறினால், கேன்சல் என்று ஆங்கிலத்தில் டைப் செய்து நம்பரோடு அதே 1900-க்கு அனுப்பலாம்.

பலர் மாட்டிக்கொள்வது இதற்குப் பிறகுதான். பில் வெளியாகாத நாட்களின் உபயோகம் யூபிசியைத் தடுக்காது. ஆனால் அதற்கான கடைசி பில் பின்னால் வரும். உதாரணமாக, பில் சைக்கிள் மாதம் 1-இல் தொடங்கி, 20-ஆம் தேதி போர்ட் ஆனால், அந்த 20 நாள் கணக்கு அடுத்த மாதம் வரும். ‘அந்தக் கம்பெனியை விட்டே வந்தாச்சே’ என்று அதைத் தூக்கிப் போட்டால், பழைய நிறுவனம் புதிய நிறுவனத்துக்கு எழுதும். நோட்டீஸ் வரும், அவுட்கோயிங் நிற்கும், கடைசியில் நம்பரே துண்டிக்கப்படலாம். எனவே கடைசி பில்லைக் கட்டி ரசீதை வைத்துக்கொண்டு, அதன் பிறகு வங்கியில் ஆட்டோபேயை ரத்து செய்வதே சரியான வரிசை. அவசரப்பட்டு முன்பே ரத்து செய்தால் கடைசி பில் கண்ணில் படாமலே போய்விடும்.

சிக்னல் நன்றாக இருக்கிறது, பில்தான் பிரச்சினை என்றால் போர்ட் வீண் வேலை. அதே நிறுவனத்தில் பிரீபெய்டுக்கு மாறலாம். 2021 முதல் இதை ஓடிபி மூலமே செய்ய அனுமதி உண்டு, புதிதாக கேஒய்சி தேவையில்லை. கடைசி பில் இங்கேயும் வரும். ஃபேமிலி பிளானின் முதன்மை நம்பரை மாற்றினால் கூடுதல் நம்பர்கள் என்னவாகும் என்று முதலிலேயே கேட்டுவிட வேண்டும். மனம் மாறி ஓடிபி வழியே முதல் முறை போஸ்ட்பெய்டுக்குத் திரும்ப, முன்பெல்லாம் 90 நாள் காத்திருக்க வேண்டியிருந்தது. 2025 ஜூனில் அது 30 நாளாகக் குறைந்தது. எப்போதாவது மட்டும் பயன்படும் நம்பருக்கு இதுவே மலிவு: 90 நாள் உபயோகமே இல்லாவிட்டாலும், மெயின் பேலன்ஸில் 20 ரூபாய் இருந்தால் அதைக் கழித்துக்கொண்டு மேலும் 30 நாள் நம்பரை விட்டுவைக்க வேண்டும் என்பது விதி.

சரண்டர் என்பது நம்பரையே கைவிடுவது. டெபாசிட் கட்டியிருந்தால் கோரிக்கையிலேயே அதைத் திருப்பித் தரச் சொல்லி எழுதி, வங்கிக் கணக்கு விவரத்தையும் கொடுத்துவிட வேண்டும். துண்டித்த நம்பரை 90 நாளைக்கு வேறு யாருக்கும் தருவதில்லை. அதன் பிறகு தரலாம். வங்கி, ஆதார், யூபிஐ, வாட்ஸ்அப் எல்லாவற்றிலும் நம்பரை மாற்றாமல் சரண்டர் செய்தால், உங்கள் ஓடிபி முன்பின் தெரியாதவர் போனில் போய் விழும். சரண்டர் விண்ணப்பம் கொடுப்பதற்கு முன்பே இந்த மாற்றங்களை முடித்துவிடுங்கள், பழைய நம்பருக்கு வரும் ஓடிபி அப்போதும் தேவைப்படும்.

எந்த வழியிலும் தகராறு வந்தால் முதலில் 198-க்குப் போன் செய்து புகார் எண்ணை வாங்குங்கள். அந்த எண் இல்லாமல் அடுத்த படி நகராது. பதிலில் திருப்தி இல்லையென்றால் 30 நாளுக்குள் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போகலாம், கட்டணம் இல்லை. 39 நாளில் முடிவு சொல்ல வேண்டும். அதற்கும் மேல் மாவட்ட நுகர்வோர் ஆணையம். தொலைபேசி வழக்குகள் அங்கே செல்லாது என்று நிறுவனங்கள் வெகுகாலம் வாதாடி வந்தன. 2022 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அந்த வாதத்தை நிராகரித்துவிட்டது. 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்கு ஆணையத்தில் கட்டணமும் கிடையாது.