நெஞ்சுப் பட்டையோடு இரண்டு வருடம்

காரைக்குடியிலிருந்து கானாடுகாத்தானுக்கு ஒரு வழி 14 கிலோமீட்டர் சொச்சம். ஐந்து வருடமாக வாரத்தில் நான்கு நாள் விடியற்காலையில் சைக்கிளில் அங்கே போய்த் திரும்புகிறேன். நன்றாக முக்கி மிதிக்கிறேன் என்றுதான் நினைப்பு. இரண்டு வருடத்துக்கு முன்பு, இதயத்துடிப்பைக் காட்டும் நெஞ்சுப் பட்டை ஒன்றை வாங்கி மாட்டினேன். முதல் வாரமே குட்டு வெளிப்பட்டது. வழி நெடுக நிமிடத்துக்கு 125, 128 துடிப்புதான். வெறும் சொகுசு சவாரி!

பக்கத்து வீட்டு ஆச்சி பட்டையைப் பார்த்துவிட்டு, "ஏப்பா, நெஞ்சுல எதுவும் கோளாறா? டாக்டர்ட்ட காட்டுனியா?" என்றார். கோளாறு இல்லை, சோம்பல்தான் ஆச்சி என்றேன். ஆனாலும் அவர் பேச்சுக்காக ஒருமுறை காட்டிவிட்டுத்தான் வேகத்தைக் கூட்டினேன்.

220-இல் வயதைக் கழித்தால் உச்சத் துடிப்பு என்பார்கள். எனக்கு 42, ஆக 178. ஆடி மாதம் எதிர்காற்றில் திரும்பும்போது 186 காட்டியது. பட்டைதான் பொய் சொல்கிறதோ என்று பார்த்தால், அடுத்த வாரமும் அதேதான். அந்தக் கணக்கு சராசரிக்குச் சரி. ஆளுக்கு ஆள் பத்துப் பன்னிரண்டு கூடும், குறையும்.

எங்கள் பக்கம் மேடு கிடையாது. பொட்டல்தான். மலைக்குப் பதில் காற்று. ஆடியில் தென்மேற்கிலிருந்து அடிக்கும். போகும்போது முதுகைத் தள்ளும், வரும்போது முகத்தில் அறையும். வேகம் இரு மடங்கானால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்கு என்பதைத் தொடை நன்றாகப் புரிந்துகொள்ளும். அதனால் வாரம் ஒரு நாள், திரும்பும் வழியில் நான்கு நிமிடம் 160-க்கு மேல், மூன்று நிமிடம் ஆசுவாசம், இப்படி நான்கு தடவை. காற்றில்லாத நாளில் 37 நிமிடம் பிடித்த ஒரு வழி இப்போது 32.

பட்டையின் குறைகளும் உண்டு. வியர்க்காத மார்கழிக் காலையில் முதல் ஐந்து நிமிடம் கண்டபடி எண் காட்டும். உள்பக்கத்தைத் தண்ணீரால் நனைத்துக் கட்டினால் சரியாகிவிடும். அலசாமல் விட்டால் வியர்வை உப்பே அதைத் தின்றுவிடும். எனது முதல் பட்டை பதினான்கு மாதத்தில் தொளதொளத்தது. அப்புறம், துடிப்பு ஏற அரை நிமிடமாவது பிடிப்பதால், குறுகிய பாய்ச்சலுக்கு இந்த எண்ணை நம்ப முடியாது. சித்திரை வெயிலில் சும்மா மிதித்தாலே பத்து கூடக் காட்டும்.

எட்டாவது மாதத்தில் எண் சலித்துப்போனது. 160 வரவில்லையா, வராவிட்டால் போகட்டும் என்ற நிலை. அப்போதுதான் கோட்டையூர் தாண்டி ஒரு பையன், அரசாங்கம் கொடுத்த பள்ளிக்கூட சைக்கிளில், கேரியரில் புத்தகப் பையோடு பக்கத்தில் வந்தான். "அண்ணே, உங்க சைக்கிள் என்ன வெல?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக்கூட நிற்காமல் முந்திப் போனான்.

அன்றைக்குப் பட்டை காட்டியது 179. அவனைப் பிடிக்க முடியவில்லை. இப்போதெல்லாம் அவன் டியூஷன் போகும் நேரம் பார்த்துத்தான் கிளம்புகிறேன்.