முடிவு தெரிந்த கதை: நார்ஸ் ஃபேன்டஸியில் எதை எடுப்பது, எதை விடுவது?

நார்ஸ் எனப்படும் பழைய ஸ்காண்டிநேவியத் தொன்மத்தை வைத்து எழுதிய ஃபேன்டஸி நாவலில் கோடாரி இருக்கும், பனி இருக்கும், டிராகன் தலை வைத்த நீள்படகு இருக்கும். தெய்வங்களின் தலைவனான ஓடினின் இரண்டு காக்கைகளும் எங்காவது வந்து உட்காரும். இவற்றை யார் வேண்டுமானாலும் எழுதிவிடலாம். இந்த வகை நாவல்களைத் தேடிப் படிக்கிறவள் என்ற முறையில் நான் முதலில் பார்ப்பது வேறொன்றை. 'வொலுஸ்பா' என்ற பழம்பாடலில் குறிசொல்லி ஒருத்தி உலகத்தின் முடிவை ஓடினிடமே சொல்கிறாள். ஃபென்ரிர் என்ற ஓநாயால் நீ சாவாய் என்கிறாள். இடித் தெய்வமான தோர் உலகைச் சுற்றிக் கிடக்கும் பாம்பைக் கொன்றுவிட்டு ஒன்பது அடி நடந்து விழுவான் என்கிறாள். இவ்வளவையும் கேட்ட பிறகும் ஓடின் தன் மண்டபமான வல்ஹல்லாவில் செத்த வீரர்களைச் சேர்த்துக்கொண்டே இருக்கிறான், அந்தத் தோற்கப்போகும் போருக்காக. கும்பகர்ணன் தோல்வி தெரிந்தே களத்துக்குப் போவதைக் கம்பனில் படித்தவர்களுக்கு இந்த மனநிலை புதிதல்ல.

முடிவு எழுதப்பட்டுவிட்டது, பாத்திரங்களுக்கும் அது தெரியும், இனி அவர்கள் என்ன செய்வார்கள்? இந்தக் கேள்வியை ஒரு நாவல் எப்படிக் கையாள்கிறது என்பதுதான் என் அளவுகோல். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

மூலங்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நாவலாசிரியர்களின் சுதந்திரம் அங்கிருந்துதான் வருகிறது. நம் கையில் இருப்பவற்றில் முக்கியமானவை இரண்டே. ஒன்று, 'கோடெக்ஸ் ரெகியஸ்' என்ற தோல் சுவடியில் உள்ள பாடல்கள். 1270களில் ஐஸ்லாந்தில் எழுதப்பட்ட சுவடி அது. நடுவில் 8 ஏடுகள் காணாமல் போய், இன்று 45 ஏடுகள் எஞ்சியிருக்கின்றன. இன்னொன்று, ஸ்னோரி ஸ்துர்லுசன் 1220 வாக்கில் எழுதிய உரைநடை எட்டா. ஐஸ்லாந்து கிறிஸ்தவத்துக்கு மாறி இருநூறு ஆண்டுகள் கழித்து, தானே கிறிஸ்தவனான ஒருவன் தொகுத்தது. ஆகவே ஓட்டைகள் ஏராளம். எத்தனையோ பெண் பாத்திரங்களுக்கு ஒரு பெயரும் ஒரு வரியும்தான் மிஞ்சியிருக்கின்றன. அந்த ஓட்டைகளில்தான் நல்ல நாவல்கள் முளைக்கின்றன.

மறுகூறலில் தொடங்கலாம். நீல் கெய்மனின் 'நார்ஸ் மித்தாலஜி' (2017), கெவின் கிராஸ்லி-ஹாலண்டின் 'தி நார்ஸ் மித்ஸ்' (1980) இரண்டில் எது என்று அடிக்கடி கேட்கிறார்கள். சிரித்துக்கொண்டே இரண்டு இரவில் முடிக்க வேண்டுமென்றால் கெய்மன். தன் சுத்தியலை மீட்க தோர் மணப்பெண் வேடத்தில் அரக்கன் வீட்டுக்குப் போகும் கதை அதற்கு நல்ல எடுத்துக்காட்டு. மணப்பெண் விருந்தில் ஒரு முழு எருதையும் எட்டு சால்மன் மீன்களையும் தின்றுவிடுகிறாள். மாப்பிள்ளை மிரள்கிறான். தோழி வேடத்தில் இருக்கும் தந்திரக்காரன் லோகி, 'உன் நினைப்பில் எட்டு நாளாகச் சாப்பிடவில்லை' என்று சமாளிக்கிறான். பழம்பாடலிலேயே இருக்கும் நகைச்சுவை இது. கெய்மன் அதன் நேரத்தைக் கெடுக்காமல் சொல்கிறார்.

கிராஸ்லி-ஹாலண்ட் 32 கதைகள் சொல்கிறார். நீர்நாயைக் கொன்ற குற்றத்துக்குத் தெய்வங்கள் பொன் கொடுத்து ஈடுகட்டும் கதை கெய்மனிடம் இல்லை, இவரிடம் உண்டு. அந்தப் பொன்னில் ஏறிய சாபம்தான் பின்னால் சிகுர்த் என்ற வீரனின் கதைக்கே விதை. ஒவ்வொரு கதைக்கும் பின்னிணைப்பில் குறிப்பும் எழுதியிருக்கிறார். நிலமும் வானமும் அவர் வாக்கியங்களில் கனமாக இறங்குகின்றன. ஒரே ஒரு மறுகூறலை அலமாரியில் வைத்துக்கொள்வதென்றால் நான் இதைத்தான் வைப்பேன். கெய்மனிடம் ரக்னரோக், அதாவது அந்த உலக முடிவுப் போர், கடைசி அத்தியாயமாக வருகிறது. இவரிடம் அதன் நிழல் நடுக் கதைகளிலேயே விழத் தொடங்கிவிடுகிறது.

அடுத்த ஜோடிதான் எனக்கு மிகவும் பிடித்தது: கணவனின் கதையும் மனைவியின் கதையும்.

ஜோன் ஹாரிஸின் 'தி காஸ்பெல் ஆஃப் லோகி' (2014) முழுக்க லோகியின் வாயிலிருந்து வருகிறது. இன்றைய பேச்சுமொழி, வேகம், குறும்பு. தெய்வங்கள் பெரிய மனிதர்களல்ல, தங்களுக்கு வேண்டும்போது லோகியின் தந்திரத்தைப் பயன்படுத்திக்கொண்டு, வேண்டாதபோது பழியை அவன் தலையில் போடுகிறவர்கள் என்று அவன் சொல்லும்போது நம்பத் தோன்றுகிறது. லோகிக்காகவே இந்தப் பக்கம் வருகிற வாசகர்கள் நிறையப் பேர். அவர்களுக்கு இது ஏமாற்றம் தராது. ஆனால் ஓடினின் மகன் பால்டரின் சாவுக்குப் பிறகு கதை இருளும்போது அந்தக் குரல் இருளவில்லை. எட்டாவில் லோகியைப் பாறையில் கட்டி, முகத்துக்கு மேல் நச்சுப் பாம்பைத் தொங்கவிடுகிறார்கள். அவன் மனைவி சிகின் கிண்ணம் ஏந்தி ஒவ்வொரு சொட்டு விஷத்தையும் பிடிக்கிறாள். கிண்ணம் நிரம்பி அவள் கொட்டப் போகும் அந்த இடைவெளியில் விஷம் அவன் முகத்தில் விழ, அவன் துடிப்பதுதான் நிலநடுக்கம். இந்தத் தொன்மத்தில் அன்புக்கு இதைவிடப் பெரிய காட்சி எனக்குத் தெரியாது. ஹாரிஸின் லோகிக்கு சிகின் ஒரு தொணதொணக்கும் மனைவி. அந்தப் பாத்திரத்துக்கு அது பொருந்தலாம். எனக்கு மனம் ஒப்பவில்லை.

ஜெனிவீவ் கோர்னிசெக்கின் 'தி விட்சஸ் ஹார்ட்' (2021) லோகியின் இன்னொரு மனைவியான ஆங்கர்போதாவைப் பற்றியது. ஓநாய், பாம்பு, பாதாளத்தை ஆளும் ஹெல் என்ற மூன்று பிள்ளைகளைப் பெற்ற அரக்கி என்பதைத் தாண்டி மூலங்களில் அவளைப் பற்றி ஏதும் இல்லை என்றே சொல்லலாம். கோர்னிசெக் செய்திருப்பது துணிச்சலான காரியம். 'வொலுஸ்பா'வில் குல்வெய்க் என்றொருத்தி வருகிறாள். தெய்வங்கள் அவளை மூன்று முறை எரிக்கிறார்கள், மூன்று முறையும் அவள் உயிர்த்தெழுகிறாள். அதே பாட்டில் பின்னால், இரும்புக் காட்டில் ஓநாய்க் குட்டிகளை வளர்க்கும் கிழவி ஒருத்தி வருகிறாள். இந்த இருவரும் ஆங்கர்போதாவும் ஒருத்தியேதான் என்று வைத்துக்கொள்கிறார் ஆசிரியர். எரிக்கப்பட்டவள் காட்டுக்குள் ஒளிகிறாள், மருந்து காய்ச்சி விற்கிறாள், லோகியைச் சந்திக்கிறாள், பிள்ளை பெறுகிறாள். குறி பார்க்கும் ஆற்றல் அவளுக்கு உண்டு. பிள்ளைகளுக்கு என்ன ஆகும் என்பது அவளுக்குத் தெரிந்துவிடுகிறது.

இங்கேதான் என் அளவுகோல் நிறைவாகப் பொருந்துகிறது. ரக்னரோக் போர்க்களத்தில் தொடங்குவதற்கு முன் ஒரு குகை வீட்டில் தொடங்குகிறது. ஓநாய்க்குட்டிக்குச் சோறு போடுகிற தாய்க்கு, இவன் ஒருநாள் ஓடினைக் கொல்வான், இவனையும் கொல்வார்கள் என்று தெரியும். தெரிந்தும் சோறு போடுகிறாள். நாவலின் நடுப்பகுதி மெதுவாகத்தான் போகிறது. சண்டை எதிர்பார்த்து வருகிறவர்கள் அங்கே விட்டுவிடுவார்கள். அவர்களைக் கையைப் பிடித்து இழுத்து, இன்னும் ஐம்பது பக்கம் படியுங்கள் என்று சொல்ல ஆசை. தெய்வங்கள் வந்து பிள்ளைகளைப் பிடித்துப் போகும் இரவு வரைக்குமாவது. எட்டாவில் அது சில வரி. இங்கே அந்த வரிகளின் முழு விலையும் தெரிகிறது.

சண்டைதான் வேண்டும் என்பவர்களுக்கு ஜான் க்வின் இருக்கிறார். 'தி ஷேடோ ஆஃப் தி காட்ஸ்' (2021) முதல் 'தி ஃப்யூரி ஆஃப் தி காட்ஸ்' (2024) வரை மூன்று தடித்த புத்தகங்கள், தொடர் முடிந்துவிட்டது. ஓடினும் தோரும் இதில் இல்லை. உலகமே ஆசிரியரின் கற்பனை. ஓநாய், கரடி, கழுகு, பாம்பு என்று விலங்கு வடிவத் தெய்வங்கள் ஒன்றையொன்று கொன்று தீர்த்து ஏறக்குறைய முந்நூறு ஆண்டுகள் ஆகின்றன. ரக்னரோக் நடக்கும் சமவெளியின் பெயரான விக்ரித் இங்கே நாட்டின் பெயராகிவிட்டது. அதாவது, முடிவு ஏற்கெனவே வந்து போய்விட்டது.

க்வின் வைக்கிங் காலப் போரை நடித்துக் காட்டும் குழுவில் பங்கெடுப்பவர். கேடயச் சுவர் அமைத்து நிற்கும் காட்சிகளில் அது தெரிகிறது. கேடய விளிம்பு எங்கே இடிக்கும், ஈரத்தில் கால் எப்படி வழுக்கும் என்பதெல்லாம் உடம்பால் அறிந்தவரின் எழுத்து. மகனைத் தேடிப் போகும் ஓர்கா என்ற தாய் மறக்க முடியாதவள். தெய்வ ரத்தம் கொஞ்சம் ஓடும் மனிதர்களின் கழுத்தில் இரும்புப் பட்டை மாட்டி அடிமையாக்குகிறார்கள் என்பது நல்ல, கசப்பான கற்பனை. வைக்கிங்குகளின் செல்வத்தில் அடிமை வியாபாரத்துக்குப் பெரிய பங்கு உண்டு. நிறைய நாவல்கள் அதைக் கண்டும் காணாமல் போகின்றன, இவர் போகவில்லை. குறை என்று சொன்னால், விதியின் கனம் இங்கே பழிவாங்கும் வேகமாக மாறிவிட்டது. அடுத்து என்ன என்று பக்கம் புரட்டுவோம். புரட்டுவதை நிறுத்தி யோசிக்கும் இடங்கள் குறைவு.

பதின்வயதுப் பிள்ளைகளுக்கு என்றால் தயக்கமே வேண்டாம். ரிக் ரியோர்டனின் மேக்னஸ் சேஸ் வரிசை (2015 முதல் 2017 வரை), பாஸ்டன் நகரத்தில் நடப்பது. நாயகன் தொடக்கத்திலேயே செத்து வல்ஹல்லாவுக்குப் போகிறான், அது ஒரு ஹோட்டலாக இருக்கிறது.

கடைசியாக, இந்தப் பட்டியலில் மிகப் பழையதும் என் கணக்கில் முதலிடமும்: பால் ஆண்டர்சனின் 'தி ப்ரோக்கன் ஸ்வார்ட்' (1954). டோல்கீனின் 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' முதல் பாகம் வெளிவந்த அதே ஆண்டு. டோல்கீனும் 'வொலுஸ்பா'வின் குள்ளர் பட்டியலிலிருந்துதான் காண்டால்ஃப் என்ற பெயரை எடுத்தார். ஒரே கிணற்றில் இருவரும் இறைத்தார்கள். ஆண்டர்சன் இறைத்த நீர் கசப்பானது. மனிதக் குழந்தை ஒன்றை எல்ஃபுகள் திருடி வளர்க்கிறார்கள், அதன் இடத்தில் மாற்றுப் பிள்ளையை வைத்துவிட்டுப் போகிறார்கள். பெயர் சூட்டும் விழாவில் தெய்வங்களிடமிருந்து வரும் பரிசு ஒரு முறிந்த வாள். உருவினால் உயிர் குடிக்காமல் உறைக்குத் திரும்பாத வாள். அது ஒருநாள் மீண்டும் ஒட்டப்படும் என்று அப்போதே தெரிந்துவிடுகிறது. வளர்ந்த நாயகன் வேறு வழியின்றி, தானே நடந்துபோய் அதைக் கேட்கிறான். இந்த நாவலில் எவரும் விதியை ஏமாற்றுவதில்லை. ஆனால் ஒவ்வொருவரும் அதைத் தங்கள் கையாலேயே நிறைவேற்றுகிறார்கள். 'சாகா' எனப்படும் பழைய ஐஸ்லாந்து உரைநடைக் கதைகளின் வறண்ட, நேரான சொல்முறை நவீன நாவல் ஒன்றில் இவ்வளவு உயிரோடு வேறெங்கும் நான் பார்த்ததில்லை. உடன்பிறப்பு என்று அறியாமல் காதலிக்கும் இழை ஒன்று கதையின் நடுவில் ஓடுகிறது. அதைப் படிக்க விரும்பாதவர்கள் முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது.

வாங்கும்போது எந்தப் பதிப்பு என்று பாருங்கள். ஆண்டர்சன் 1971இல் இதைத் திருத்தி எழுதினார். திருத்திய வடிவம் மொழியில் அடக்கமானது, சீரானது. 1954 வடிவத்தில் மிகையும் முரட்டுத்தனமும் அதிகம், வேகமும் அதிகம். கிடைத்தால் 1954ஐயே எடுங்கள்.