காதுக்குழாய் மின்வாயோடு ஆறு ஆண்டுகள்

யாழ்ப்பாணத்தில் தனியார் சிகிச்சை நிலையமொன்றில், உட்காதிலுள்ள நத்தைச்சுருளின் (ஒலியை மின்குறிப்பாக மாற்றும் உறுப்பு) மின் துலங்கலைப் பதியும் கருவியை ஆறு ஆண்டுகளாகக் கையாண்டு வருகிறேன். தலைச்சுற்றும் கேட்டல் குறைவும் தரும் உட்காது நோயான மெனியர் நோய் என்ற ஐயத்தோடு வருபவர்களே பெரும்பாலானோர். உணர்மயிர்க் கலங்கள் எழுப்பும் எஸ்.பி. அலையின் உயரத்தைச் செவிநரம்பு எழுப்பும் ஏ.பி. அலையின் உயரத்தால் வகுத்த விகிதமே கருவி தரும் விடை; அது உயர்ந்திருந்தால் மெனியர் என்ற ஐயம் வலுக்கும். அந்த எண்ணைத் தனியே நம்புவதை நான் முதல் ஆண்டிலேயே விட்டுவிட்டேன்.

காரணம் பெரும்பாலும் அலையைப் பிடிக்கும் முனையான மின்வாய்தான். ஊசியைச் செவிப்பறையூடாகச் செலுத்தினால் அலை பெரிதாகக் கிடைக்கும். எங்களிடமுள்ள, பொற்றகடு சுற்றிய பஞ்சு மின்வாயோ காதுக்குழாயிலேயே நின்றுவிடுவதால், அது பிடிக்கும் அலை பெரும்பாலும் ஒரு மைக்ரோவோல்ட்டைக்கூட எட்டுவதில்லை. முதிய அம்மா ஒருவருக்கு முதல் பதிவில் விகிதம் 0.62 வந்தது. குறும்பியை அகற்றி, தோலைத் துடைத்து, மின்வாய்க்கும் தோலுக்கும் இடையிலான மின்தடையை 5 கிலோ ஓமுக்குக் கீழே கொண்டுவந்து மீண்டும் பதிந்தபோது அது 0.31 ஆயிற்று. அன்றிலிருந்து, இரு பதிவுகள் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தாத எதையும் அறிக்கையில் சேர்ப்பதில்லை.

அடுத்தது மின் இரைச்சல். 2022 இன் நீண்ட மின்வெட்டுகளில் ஜெனரேற்றரில் எடுத்த பதிவுகளை, நோயாளிகளிடம் மன்னிப்புக் கேட்டு, பின்னர் திரும்ப எடுக்க வேண்டியிருந்தது. எமது சுண்ணக்கல் நிலம் வரண்டுபோகும் ஆவணியில் புவித்தொடுப்பும் (மின்னை நிலத்துக்குக் கடத்தும் இணைப்பு) பலவீனமாகி, மின்விநியோகத்தின் 50 ஹேர்ட்ஸ் அலை பதிவில் தலைகாட்டுவதுண்டு. புவித்தொடுப்புக் கம்பியடியில் இரண்டு வாளி தண்ணீர் ஊற்றுவது கேலிக்குரியதாகத் தோன்றினாலும் எங்களுக்குப் பலன் தந்திருக்கிறது. நோயாளி பல்லைக் கடித்தால் காதில் ஒலிக்கவிடும் ஆயிரம் கிளிக் ஒலிகளுக்கான துலங்கலின் சராசரியும் கலங்கிவிடும் என்பதால், தலையணையைச் சரிசெய்வதற்கே பத்து நிமிடம் ஒதுக்குகிறேன்.

உயர் அதிர்வெண் கேட்டல் மிகக் குறைந்தவர்களில் ஏ.பி. அலையே சிறுத்துப்போவதால், விகிதத்துக்குப் பொருளில்லை. கேட்டல் வரைபடம் பார்க்காமல் பரிசோதனையைத் தொடங்குவதில்லை. தலைச்சுற்று ஓய்ந்து பல வாரங்களுக்குப் பிறகு வருபவருக்குச் சாதாரண விடை கிடைத்தாலும் நோய் இல்லையென்று எழுதுவதில்லை. அலையின் உயரத்தை அளக்கத் தொடங்கும் அடிக்கோட்டை நானும் சக ஊழியரும் தனித்தனியே குறிக்கிறோம். வேறுபட்டால், இன்னொரு நாள் வரச் சொல்கிறோம்.