ஷேர் ஃபோல்டரைத் திறக்க நாலு வழி: எது உடைந்தால் எவ்வளவு போகும்?

"ஏன் தம்பி, நாம யாருக்கும் கதவைத் தொறந்து வைக்கலையே. நாமதானே போயி ஃபைலைக் கேட்டு வாங்கிட்டு வர்றோம், அப்புறம் நமக்கு என்ன ஆபத்து?"

ஆத்தங்குடி டைல்ஸ் பட்டறை வைத்திருக்கும் அண்ணன் ஒருவர் கேட்டது இது. காரைக்குடியில் அவருக்கு ஒரு சின்ன அலுவலகம், அதில் மூன்று விண்டோஸ், இரண்டு உபுண்டு (லினக்ஸ்), மூலையில் எல்லாருக்கும் பொதுவாக ஃபைல் வைக்கும் ஒரு நாஸ் பெட்டி. பூ டிசைன்கள், வாடிக்கையாளர் வீட்டு அளவுகள், டேலி பேக்கப் எல்லாம் அந்தப் பெட்டிக்குள்தான் இருக்கிறது. "லினக்ஸ் எஸ்எம்பி கிளையண்ட்ல ஓட்டைண்ணே, அப்டேட் போட்டு ரீஸ்டார்ட் பண்ணிரலாம்" என்று நான் சொன்னதுக்குத்தான் இந்தக் கேள்வி. எஸ்எம்பி என்பது நெட்வொர்க்கில் ஃபைல் பகிரும் முறை. கொடுப்பது சர்வர், கேட்டு வாங்குவது கிளையண்ட்.

கேள்வியில் நியாயம் இருக்கிறது. எஸ்எம்பி என்றாலே எல்லாருக்கும் ஞாபகம் வருவது 2017 மே மாதத்து வானாக்ரை, ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்ட வைரஸ். அது ஃபைல் *கொடுக்கிற* பக்கத்து ஓட்டை வழியாகப் பரவியது. அதனால் கேட்டு வாங்குகிறவன் பத்திரம் என்று மனதில் பதிந்துவிட்டது. ஆனால் விருந்துக்குப் போன இடத்தில் வயிறு கெடுவதில்லையா? சர்வர் என்ன பதில் அனுப்புகிறதோ அதைப் பிரித்துப் படிக்க வேண்டியது கிளையண்ட்தான். எதிரில் இருப்பது பொய்யான சர்வர் என்றாலோ, நம்முடைய நாஸ் பெட்டியையே எவனாவது கைப்பற்றிவிட்டான் என்றாலோ, அவன் அனுப்பும் ஒவ்வொரு பைட்டையும் நம் கம்ப்யூட்டர் வாங்கி மெமரியில் வைக்கும். அதே 2017-இல், வானாக்ரைக்கு மூன்று மாதம் முந்தி, விண்டோஸின் எஸ்எம்பி கிளையண்டில் ஒரு ஓட்டை வெளியே வந்தது. பொய் சர்வர் ஒன்றோடு இணைந்தால் போதும், அது அனுப்பும் கோணலான பதிலில் நீலத் திரைதான். 2020 மார்ச்சில் எஸ்எம்பிகோஸ்ட் என்ற ஓட்டை வந்தபோது இரண்டு பக்கமும் அடி. தகவலைச் சுருக்கி (கம்ப்ரஷன்) அனுப்பும்போது அதன் தலைப்பில் வரும் இரண்டு எண்களைக் கூட்டும்போது, மீட்டர் 99999-ஐத் தாண்டி 00000-க்குத் திரும்புவது மாதிரி கூட்டுத்தொகை சின்னதாகிவிடும். அந்தச் சின்ன எண்ணுக்கு இடம் ஒதுக்கிவிட்டு, பெரிய சரக்கை அதில் இறக்கும். ரெஜிஸ்ட்ரியில் கம்ப்ரஷனை நிறுத்தினால் சர்வர் தப்பிக்கும், கிளையண்டுக்கு அது உதவாது என்று மைக்ரோசாஃப்டே சொல்லியிருந்தது. பேட்ச் போட்டால்தான் உண்டு.

இப்போது லினக்ஸ் பக்கம் வருவோம். இங்கே கிளையண்ட் என்றால் கர்னலுக்குள், அதாவது இயங்குதளத்தின் மையப் பகுதிக்குள், இருக்கும் சிஐஎஃப்எஸ் என்ற மாட்யூல். முழுக்க சி மொழி, மெமரியை எழுதுகிறவரே கவனமாகக் கையாள வேண்டிய மொழி. அதில் அடிக்கடி வரும் ஓட்டை இரண்டு ரகம். கானாடுகாத்தானில் பழைய வீட்டை ஓட்டலாக்கி வைத்திருக்கிறார்களே, அதை மனதில் வைத்துக்கொண்டால் சுலபமாகப் புரியும். 12-ஆம் அறைக்காரர் காலி செய்துவிட்டார். காபி கொண்டு போகிற பையன் கையில் இன்னும் பழைய சீட்டு, நேரே 12-க்குள் நுழைகிறான், உள்ளே இருப்பது வேறு ஆள். விடுவித்த மெமரியைத் தொடுவது என்பது இதுதான். அந்த வேறு ஆளை அங்கே உட்கார வைத்தவனே தாக்குகிறவன் என்றால்தான் விவகாரம் பெரிதாகிறது. இரண்டாவது ரகம், வரவேற்பு மேஜையில் ஒரே அறையை இரண்டு தடவை காலி என்று எழுதுவது. ஒரே சாவி இரண்டு பேரிடம் போய்விடும்.

2023-இல் வந்த சிவிஇ-2023-5345 (சிவிஇ என்பது ஓட்டைகளுக்குக் கொடுக்கும் பதிவு எண்) இந்த இரண்டாவது ரகம். மவுண்ட் செய்யும்போது, அதாவது ஷேர் ஃபோல்டரை உள்ளூர் ஃபோல்டர் மாதிரி இணைக்கும்போது, கொடுக்கிற விவரங்களைப் படிக்கும் இடத்தில் ஏதாவது பிழை என்றால், பாஸ்வேர்டு இருந்த மெமரியை விடுவித்துவிட்டு வெளியேறும். ஆனால் அந்த இடத்தைக் காட்டும் சுட்டியை வெறுமையாக்க மறந்துவிட்டார்கள். அப்புறம் பொதுவான துப்புரவு வரும்போது அதே மெமரியை மறுபடி விடுவிக்கும். சாதாரணப் பயனர் ஒருவர் இதை வைத்து ரூட், அதாவது முழு அதிகாரமுள்ள பயனர், ஆகலாம். 2024-இல் கொத்தாக வந்த ஓட்டைகள் முதல் ரகம். சர்வரோடு உள்ள செஷனை (இணைப்பை) ஒரு பக்கம் கலைத்துக்கொண்டிருக்கும்போதே, இன்னொரு பக்கம் செஷன் பட்டியலில் ஒவ்வொன்றாக எட்டிப் பார்க்கிற வேலையும் நடக்கும். திருத்தம் எல்லா இடத்திலும் கிட்டத்தட்ட ஒன்றேதான்: 'இது கலைந்துகொண்டிருக்கிறதா? அப்படியானால் தொடாமல் தாண்டு.' ஒரே சோதனையை இத்தனை இடத்தில் ஒட்டுப்போட வேண்டியிருந்தது என்பதே எனக்குக் கொஞ்சம் வயிற்றைக் கலக்கியது.

ஷேர் ஃபோல்டரைத் திறக்கும் நாலு வழியையும் ஒப்பிடுவதற்கு முன்னால் ஒன்று. எதில் எத்தனை சிவிஇ என்று எண்ணிப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டாம். 2024 பிப்ரவரி முதல் லினக்ஸ் கர்னல் குழுவே சிவிஇ எண் கொடுக்கத் தொடங்கியது, சின்னத் திருத்தத்துக்கும் எண் விழுகிறது. எண்ணிக்கை ஏறியதால் தரம் இறங்கிவிட்டது என்று அர்த்தமில்லை. நான் பார்ப்பது ஒன்றே ஒன்று, உடைந்தால் எந்த அறையில் உடைகிறது.

முதல் வழி கர்னல் சிஐஎஃப்எஸ் மவுண்ட். அது உடைவது வளவுக்குள், அதாவது வீட்டு நடு முற்றத்துக்குள். செட்டிநாட்டு வீட்டில் ஒவ்வொரு புள்ளியின் (தனிக் குடும்பத்தின்) அறையும் வளவைப் பார்த்துத்தான் திறக்கும், வளவில் நிற்கிறவனுக்கு எல்லாக் கதவும் எட்டும். கர்னலும் அப்படித்தான், அங்கே கட்டுப்பாடு போனால் பயனர் கணக்கு, பாஸ்வேர்டு, அனுமதி எதற்கும் பொருள் இல்லை. மறுபக்கம், வசதியில் இதை அடிக்க எதுவும் இல்லை. வேகம் நன்றாக வரும், எந்த மென்பொருளும் அது உள்ளூர் ஃபோல்டர் என்றே நினைக்கும், ஃபைல் லாக் ஒழுங்காக வேலை செய்யும். பலர் ஒரே நேரத்தில் எழுதுகிற டேட்டாபேஸ் மாதிரி ஏதாவது இருந்தால் இதையே வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் கர்னல் அப்டேட் வந்த அன்றே ரீஸ்டார்ட் என்ற ஒழுக்கம் வேண்டும். அண்ணன் அலுவலகத்து உபுண்டு ஒன்றில் பார்த்தேன், அப்டேட் எல்லாம் இறங்கி உட்கார்ந்திருக்கிறது, மெஷின் ரீஸ்டார்ட் ஆகி 140 நாள். ஓடிக்கொண்டிருந்தது பழைய கர்னல்தான். யூபிஎஸ் நன்றாக இருந்தாலும் வம்புதான் போல.

ஃபைல் மேனேஜரில் 'நெட்வொர்க்' என்று போய்த் திறக்கிறோமே, அது வேறு வழி. உபுண்டுவில் அது எஸ்எம்பி பேசும் சம்பா என்ற மென்பொருளின் நூலகத்தை வைத்துக் கர்னலுக்கு வெளியே, பயனர் பக்கத்திலேயே ஓடும் தனி ப்ராசஸ் (ஓடும் நிரல்). பேசுகிற மொழி அதே எஸ்எம்பிதான், ஆனால் சர்வர் அனுப்பும் பதிலைப் பிரிப்பது முகப்புத் திண்ணையில். கெட்ட பதில் வந்து விழுந்தால் அந்த ப்ராசஸ்தான் சாகும், மெஷின் பாட்டுக்கு ஓடும். இரண்டையும் ஒரே எஸ்எம்பி என்று சேர்த்துப் பேசுகிறவர்கள் கவனிக்கத் தவறுவது இதைத்தான். ஆனால் திண்ணை என்பதால் நிம்மதியாகத் தூங்கலாம் என்று சொல்லமாட்டேன். திண்ணைக்கு வந்தவனுக்கு அந்தப் பயனரின் ஃபைல்கள் அத்தனையும் கிடைக்கும், பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டு உட்பட. ஒரே ஆள் உட்காரும் கம்ப்யூட்டரில் அதைவிடப் பெரிய சொத்து என்ன இருக்கிறது? லாபம் என்று பார்த்தால், கர்னலில் போய் ஒளிந்துகொள்ள முடியாது, அப்புறம் அப்டேட்டுக்கு ரீஸ்டார்ட் தேவையில்லை, லாக் அவுட் செய்துவிட்டு வந்தாலே போதும். குறை, சில மென்பொருளுக்கு இந்த வழியில் வரும் ஃபைல் கண்ணிலேயே படாது. டெர்மினலில் பாதை தேடினால் எங்கோ ஆழத்தில் கிடக்கும்.

மூன்றாவது வழியான என்எஃப்எஸ் (இன்னொரு ஃபைல் பகிரும் முறை) பற்றி அதிகம் பேச ஒன்றுமில்லை. 1984-இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் கொண்டுவந்தது, லினக்ஸுக்கும் லினக்ஸுக்கும் நடுவில் அருமையாக ஓடும். ஆனால் லினக்ஸில் அதன் கிளையண்டும் கர்னலுக்குள்தான், ஆக வளவு வாதம் அப்படியே பொருந்தும். சாதாரண அமைப்பில் 'நான் இன்ன எண் பயனர்' என்று கிளையண்ட் சொன்னால் சர்வர் நம்பிக்கொள்ளும். விண்டோஸ் ஹோமில் அதற்கான கிளையண்டே இல்லை. கலப்பு அலுவலகத்துக்கு எஸ்எம்பியை விட்டுவிட்டு இதற்குப் போவதில் எனக்கு எந்த லாபமும் தெரியவில்லை.

நாலாவது வழி எஸ்எஸ்எச்எஃப்எஸ், எஸ்எஸ்எச் என்ற பாதுகாப்பான தொலை இணைப்பு வழியாக ஃபோல்டரை இணைப்பது. இது கொஞ்சம் சுவாரசியம். கர்னலில் ஃபியூஸ் என்ற பொதுவான இடைத்தட்டு மட்டும் இருக்கும், சர்வர் பதிலைப் படிப்பது பயனர் ப்ராசஸ், நடுவில் எஸ்எஸ்எச் என்கிரிப்ஷன். சர்வரின் சாவி ஏற்கனவே நம்மிடம் பதிந்திருப்பதால் பொய் சர்வர் குறுக்கே வந்தால் இணைப்பே நடக்காது, கோணலான ஃபைல் பதில் அனுப்பும் கட்டத்துக்கு அவன் வர முடியாது. நாஸ் பெட்டியையே பிடித்துவிட்டவனுக்கு இந்தத் தடை இல்லை என்பது வேறு விஷயம். எஸ்எம்பியில் சைனிங் (பதில்களில் கையெழுத்துச் சோதனை) போட்டாலும் ஆரம்பத்தில் நடக்கும் பேச்சுவார்த்தைப் பதில்களைச் சைனிங்குக்கு முன்பே படித்தாக வேண்டும். குறைகளும் உண்டு. நிறையச் சின்னச் சின்ன ஃபைல் இருந்தால் ஆமை வேகம். சில காலம் முழுநேரப் பராமரிப்பாளர் இல்லாமல் கிடந்த திட்டம் அது. விண்டோஸில் வேண்டுமென்றால் தனியாக இரண்டு மென்பொருள் போட்டு மல்லுக்கட்ட வேண்டும்.

நம் ஊர்க்காரர்களுக்கு இன்னொரு அளவுகோல் இருக்கிறது, மின்தடை. மாதாந்திரப் பராமரிப்பு என்று காலையில் கரண்ட் போகும், நாஸ் பெட்டிக்கு யூபிஎஸ் இல்லாமல் அது முதலில் சாகும், கம்ப்யூட்டர்கள் உயிரோடு இருக்கும். கர்னல் மவுண்ட் என்றால் அந்த ஃபோல்டரைத் தொட்ட ப்ராசஸ் பெரும்பாலும் அப்படியே உறைந்து நிற்கும், சில நேரம் கொல்லவும் முடியாது, வட்டில் இடம் பார்க்கும் 'டிஎஃப்' கட்டளையை அடித்தால் அதுவும் சேர்ந்து உறையலாம். எஸ்எஸ்எச்எஃப்எஸும் உறையும், ஆனால் அந்த ஒரு ப்ராசஸைக் கொன்றால் எல்லாம் விடுபடும். ஃபைல் மேனேஜர் வழி என்றால் பெரும்பாலும் ஒரு பிழைச் செய்தியோடு கதை முடிந்தது. இதற்கும் பாதுகாப்புக்கும் என்ன சம்பந்தம் என்றால், 2024-இல் வந்த அந்த ஓட்டைகள் செஷன் கலையும் நேரத்தையும் மறுபடி இணையும் நேரத்தையும் சுற்றித்தான் இருந்தன. நாம் தினமும் சாதாரணமாகப் பார்க்கிற தொங்கலும் அந்த ஓட்டைகளும் ஒரே மூலையில் குடியிருக்கின்றன.

விண்டோஸுக்கு இந்தத் தேர்வெல்லாம் இல்லை. எஸ்எம்பி கிளையண்ட் கர்னலில்தான், எடுத்துத் திண்ணையில் வைக்க வழியில்லை. அங்கே செய்யக்கூடியது மூன்றுதான்: மாத அப்டேட்டைத் தள்ளிப்போடாமல் விடுவது, சைனிங்கைக் கட்டாயமாக்குவது, எஸ்எம்பி வெளியே போகும் வழியான 445 போர்ட்டை ரூட்டரில் அடைப்பது. மூன்றாவதுதான் பைசா செலவில்லாத வேலை. மெயிலில் வரும் ஒரு இணைப்பு எங்கோ இருக்கும் பொய் சர்வரிடம் நம் மெஷினைக் கூட்டிப்போவது அதோடு நிற்கும். விண்டோஸ் 11 ப்ரோவின் 24எச்2 பதிப்பு சைனிங்கைத் தானாகவே கட்டாயமாக்கி, பாஸ்வேர்டு இல்லாத கெஸ்ட் நுழைவையும் மூடிவிட்டது. அண்ணன் அலுவலகத்தில் அந்த அப்டேட் இறங்கிய காலையில் நாஸ் திறக்கவில்லை என்று போன். ரெஜிஸ்ட்ரியில் பழையபடி கெஸ்டைத் திறந்துவிடச் சொல்லி இணையம் முழுக்க வைத்தியம் கிடக்கிறது, தயவுசெய்து செய்யாதீர்கள். நாஸில் ஆளுக்கொரு பயனர் கணக்கு போட்டேன், அரை மணி நேர வேலை.

2025 ஜூனில் விண்டோஸ் எஸ்எம்பி கிளையண்டில் சரிசெய்த சிவிஇ-2025-33073 மெமரிப் பிழையே இல்லை, அடையாளச் சோதனையை ஏமாற்றுகிற வகை. அதனால் எல்லாவற்றையும் மெமரிப் பிழைகளைத் தடுக்கும் ரஸ்ட் மொழியில் எழுதிவிட்டால் தீர்ந்தது என்கிறவர்களோடும் எனக்கு முழுச் சம்மதம் இல்லை. லினக்ஸ் கர்னலில் 6.1 முதல் ரஸ்டுக்கு இடம் இருக்கிறது, சிஐஎஃப்எஸ் கிளையண்ட் இன்னும் சி-தான்.

சரி, கடைசியில் என்ன செய்தோம்? டேலி பேக்கப் எடுக்கும் உபுண்டுவுக்கு மவுண்டே தேவையில்லை என்று அப்புறம்தான் உறைத்தது. ராத்திரி ஒரு தடவை ஆர்சிங்க் என்ற நகலெடுக்கும் கருவி எஸ்எஸ்எச் வழியாகப் போய் வாங்கி வந்தால் ஆயிற்று. டிசைன் போடுகிற தம்பியின் உபுண்டுவில் எஸ்எஸ்எச்எஃப்எஸ். இரண்டிலும் சிஐஎஃப்எஸ் மாட்யூல் ஏறவே கூடாது என்று அமைப்பில் எழுதி வைத்துவிட்டேன். நாஸ் பெட்டிக்குத் தனி யூபிஎஸ் வாங்கச் சொன்னேன், அண்ணன் "பார்ப்போம் தம்பி" என்றார், அப்படியென்றால் தீபாவளி தாண்டும்.

தம்பிக்குத்தான் வருத்தம். டைல்ஸ் படம் 4000 இருக்கிற ஃபோல்டரை எஸ்எஸ்எச்எஃப்எஸ்ஸில் திறந்தால் சின்னப் படங்கள் ஒவ்வொன்றாக முளைக்கின்றன. நெட்வொர்க் ஃபோல்டருக்குச் சின்னப் படம் காட்டுவதை நிறுத்திவிட்டேன், பூ தெரியாமல் பெயரை வைத்துத் தேட முடியவில்லை என்று மறுநாளே அவர் திரும்பப் போட்டுக்கொண்டார். இப்போது காலையில் வந்ததும் அந்த ஃபோல்டரைத் திறந்து வைத்துவிட்டு டீக்குப் போகிறார்.